டெக்கைப் பரணிலிருந்து இறக்கும் இல்லத்தாருக்கு ஒரு திறந்த மடல்



பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ பழைய வேட்டியில் சுற்றி வைக்கப்பட்ட வீடியோ டெக் ஒன்றும், அதன் அருகே கலியாணம், சீமந்தம், கிருகப்பிரவேசம் என்று மை மங்கிய எழுத்துகளில் பெயர் தாங்கிய கேசட்டுகள் சிலவும் தங்கள் இல்லத்தில் இருக்குமாயின், இந்த மடல் தங்களுக்கே எழுதப்பட்டது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளோ பேரக்குழந்தைகளோ ஒருநாள் அந்த டெக்கை இறக்கித் தூசி தட்டி, சுவரில் தொங்கும் புதிய டிவியோடும் டிஷ் பெட்டியோடும் அதைச் சேர்த்துவைக்க முயல்வதும், கைக்குக் கிடைத்த வயர்களையெல்லாம் பொருந்திய துளைகளிலெல்லாம் செருகிப் பார்த்துவிட்டு, திரை நீலமாகவே நிற்கக் கண்டு, “இது செத்துப்போய்விட்டது” என்று தீர்ப்புச் சொல்வதும், மறுவாரமே அது காயலான் கடைக்குப் போய்ச் சேர்வதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிற காரியங்களாகிவிட்டன. அவ்விதம் போன டெக்குகளில் பல ஜீவனோடு போனவை என்பது என் அபிப்பிராயம். கோளாறு இயந்திரத்தில் இருந்ததைக் காட்டிலும் இணைத்த கிரமத்தில் இருந்ததே அதிகம்.

இந்தச் சாதனம் நம் வீடுகளுக்குள் வந்த வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது பின்னால் சொல்லப்போகும் விஷயங்களுக்கு உபயோகமாக இருக்கும். சோனி நிறுவனம் 1975-ல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் வி.எச்.எஸ். முறையையும் ஜப்பானில் வெளியிட்டன. அதே 1975-ல்தான் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. 1982-ல் ஆசிய விளையாட்டுகளை முன்னிட்டு இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அதன் பிறகே, பர்மா பஜாரில் வாங்கியும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பிய உறவினர்கள் சுமந்துவந்தும், வசதி குறைந்த இடங்களில் டிவியும் டெக்குமாக ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தும் தமிழ்க் குடும்பங்கள் இதனோடு பரிச்சயமாயின. நாம் எல்லாவற்றையும் டெக் என்ற ஒரே பெயரால் அழைத்துவந்தோமேயன்றி, அவற்றில் இரண்டு ஜாதிகள் உண்டென்பதைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை. கேசட்டை ஓட்டிக் காட்ட மட்டும் வல்லது வி.சி.பி.; ஓட்டவும் பதியவும் வல்லது வி.சி.ஆர். தங்களிடமிருப்பது எது என்பதை, முகப்பில் சிவப்புப் புள்ளியோடு கூடிய ரெக்கார்டு பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொத்தான் இல்லையென்றால், டிஷ் பெட்டிக்கும் டெக்குக்கும் சம்பந்தம் ஏற்படுத்த வேண்டிய அவசியமே இல்லை; டெக்கிலிருந்து டிவிக்கு ஒரு வயர், அத்துடன் வேலை முடிந்தது.

இனி, நான் வற்புறுத்த விரும்பும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன். படமும் ஒலியும் வயருக்குள் ஒரு திசையிலேயே செல்கின்றன. ஆற்று நீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் பாய்வதுபோலப் பாய்கின்றனவேயன்றி, எதிர்த்து ஏறுவதில்லை. தலைமடையில் டிஷ், கடைமடையில் டிவி, நடுவில் பெட்டியும் டெக்கும். ஆகவே ஒவ்வொரு வயரையும் கையில் எடுக்கும்போது, இது எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வியைக் கேட்டு, புறப்படும் இடத்தில் ‘அவுட்’ என்று எழுதியிருக்கிறதா, சேரும் இடத்தில் ‘இன்’ என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பின்பே செருக வேண்டும். நம்மவர்கள் செய்வதென்ன? மஞ்சளை மஞ்சளில் செருகி, வெள்ளையை வெள்ளையில் செருகி, சிவப்பைச் சிவப்பில் செருகிவிட்டு, நிறம் பொருந்தியதால் காரியமும் பொருந்திவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். மஞ்சள் படத்தையும், வெள்ளை இடப்பக்க ஒலியையும், சிவப்பு வலப்பக்க ஒலியையும் குறிக்கும் என்பது உண்மையே, ஆனால் வி.சி.ஆரின் முதுகில் உள்ளே வரும் துளைகளுக்கும் வெளியே போகும் துளைகளுக்கும் இதே நிறங்களைத்தான் பூசியிருப்பார்கள். ‘அவுட்’டிலிருந்து ‘அவுட்’டுக்கு இணைத்த வயர் எத்தனை அழகாக நிறம் பொருந்தினாலும், அதில் எதுவும் ஓடப்போவதில்லை.

நிற்க. டிஷ்ஷிலிருந்து இறங்கிவரும் தடித்த வயரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழல்வதால் நமக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளை, டிஷ்ஷின் மூக்கில் உள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவி வாங்கி, 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு இறக்கி, இந்த வயர் வழியாகப் பெட்டிக்கு அனுப்புகிறது. (இவ்வகைச் சுற்றுப்பாதையின் பயனை 1945-லேயே எழுதிக் காட்டிய ஆர்தர் சி. கிளார்க், பிற்காலத்தில் கொழும்பில் வசித்ததும், 1975-ல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ‘சைட்’ என்னும் கல்வி ஒளிபரப்பு முயற்சியை ஒட்டி அவருடைய வீட்டிலேயே ஒரு பெரிய டிஷ்ஷை நிறுவிக் கொடுத்ததும், நமக்கு மிக அருகில் நிகழ்ந்தும் நாம் அதிகம் பேசாத சமாசாரங்கள்.) அந்த வயரில் அலைகள் கீழே வருகையில், எல்.என்.பி. இயங்குவதற்கு வேண்டிய மின்சாரம், 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ, பெட்டியிலிருந்து மேலே போய்க்கொண்டிருக்கும். ஆதலால் அதைப் பெட்டியைத் தவிர வேறெதிலும் மாட்டலாகாது. திருகி மாட்டும் அதன் முனை, டெக்கின் ஆன்டெனாத் துளையில் நேராகப் பொருந்தாது. பொருந்தச் செய்யும் சிறு இணைப்பான் ஒன்று கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால், அந்த உயர்ந்த அலைவரிசை டெக்கின் டியூனருக்கு எட்டாது என்பது ஒருபுறமிருக்க, போகக் கூடாத இடத்துக்கு மின்சாரம் போகும் விபரீதமும் நேரலாம்.

மாடியில் மீன்முள் ஆன்டெனா நின்ற நாட்களில் ஏற்பாடு வேறுவிதமாயிருந்தது. ஆன்டெனா வயர் டெக்குக்குள் நுழைந்து, வெளியேறி, டிவிக்குப் போகும். டெக்குக்குள்ளும் ஒரு டியூனர், டிவிக்குள்ளும் ஒரு டியூனர். ஆகையால் வீட்டார் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டெக் வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சியைத் தன்பாட்டுக்குப் பதிந்துகொள்ளும். பின்னர் கேபிள் வந்து நிலையங்கள் பெருகியபோதும் இந்தச் சௌகரியம் நீடித்தது. கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டலாக மாறி, டிஷ்ஷும் வந்த பிறகுதான் இது ஒழிந்தது. ஏனெனில், வானிலிருந்து வருவது பூட்டிய பெட்டகமாக வருகிறது. அதைத் திறக்கும் சாவி சந்தாக் கட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியும் ஒரு சமயத்தில் ஒரு சேனலை மட்டுமே திறந்து கொடுக்கிறது. டெக்கின் டியூனரை முன்னும் பின்னும் எத்தனை முறை ஓட்டினாலும் பூச்சி பறப்பதைத் தவிர வேறு காட்சி கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். டெக்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

எனவே, இன்றைய நிலையில் வி.சி.ஆருக்கு டிஷ் பெட்டியே ஒரே கதி. பெட்டியின் ஏவி அவுட்டிலிருந்து டெக்கின் ஏவி இன்னுக்கு மூன்று வயர்களையும் இட்டு, டெக்கில் சேனல் எண்ணைக் கீழிறக்கிக்கொண்டே வந்தால் ஒன்றுக்கும் கீழே ‘ஏவி’ என்றோ, ‘லைன்’ என்றோ, ‘ஆக்ஸ்’ என்றோ ஒரு நிலை தென்படும். அதில் நிறுத்தினால்தான் பெட்டி கொடுப்பதை டெக் வாங்கிக்கொள்ளும். இரவு 9 மணி நிகழ்ச்சியைப் பதிய விரும்புவோர் டெக்கின் டைமரை அமைத்தால் மட்டும் போதாது. அந்நேரத்தில் பெட்டியும் விழித்திருந்து, அதே சேனலில் நிற்க வேண்டும். வீட்டில் வேறொருவர் ரிமோட்டை எடுத்துக் கிரிக்கெட்டுக்கு மாற்றினால், கேசட்டிலும் கிரிக்கெட்டே பதிவாகும். ஐப்பசி மழை கொட்டும் இரவில் பெட்டியே சிக்னல் இல்லையென்று கைவிரித்தால், அந்த அறிவிப்பை டெக் ஒரு மணி நேரம் விசுவாசமாகப் பதிந்து வைத்திருக்கும்.

இங்கே ஒரு யோசனை சொல்கிறேன்; இதைக் கடைக்காரர்கள் சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பெட்டி, டெக், டிவி என்று மூன்றையும் ஒரே சரமாகக் கோத்துவிடுவதுதான் அவர்களுக்குப் பழக்கம். வயர் குறையும் என்பது அதிலுள்ள லாபம். ஆனால் அப்படிக் கோத்தால், அன்றாடம் பார்க்கும் படமும் டெக்கின் வயிற்றில் நுழைந்தே வர வேண்டியிருக்கிறது. டெக் அணைந்திருந்தால் பல சமயம் டிவியும் இருண்டுவிடுகிறது. அதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. படங்களைப் பிரதி எடுக்காமல் தடுக்கும்பொருட்டு 1980-களின் நடுப்பகுதியில் புழக்கத்துக்கு வந்த மேக்ரோவிஷன் என்னும் தந்திரம், திரையில் தெரியாத வரிகளுக்குள் சில துடிப்புகளைச் செருகி அனுப்புகிறது; டிவி அவற்றைச் சட்டைசெய்வதில்லை; டெக்கோ, வரும் சிக்னலின் பலத்தைத் தானே சமன்செய்துகொள்ளும் சுற்று ஒன்றை உடையதாகையால், அந்தத் துடிப்புகளை நம்பி ஏமாந்து, படத்தை ஒரு கணம் வெளிறவும் மறுகணம் மங்கவும் செய்துவிடுகிறது. தாங்கள் பதிவே செய்யாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலும், டெக் நடுவில் இருந்தால் இத்தொல்லை உண்டாகலாம். டிவி கெட்டுவிட்டதென்று எண்ணி மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஆகவே வழிகளைப் பிரித்துவிடுங்கள். பெட்டியிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று, அதே பெட்டியின் ஏவி அவுட்டிலிருந்து டெக்குக்கு மூன்று வயர், டெக்கின் ஏவி அவுட்டிலிருந்து டிவியின் ஏவி இன்னுக்கு மூன்று வயர். டிவி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்தி, டிஷ்ஷா டெக்கா என்று தேர்ந்துகொள்ளலாம். ஒன்றின் நோய் மற்றதைப் பற்றாது. பெட்டி பழையதாகி, எச்.டி.எம்.ஐ. இல்லாமல் ஒரே ஏவி அவுட் மட்டும் உள்ளதாக இருந்தால் சரமாகக் கோப்பதை ஆட்சேபிக்கமாட்டேன்.

ஏவி துளைகளே இல்லாத மிகப் பழைய டிவி வைத்திருப்போர் ஆன்டெனாத் துளை வழியாகவே டெக்கை இணைக்க வேண்டும். டெக் அப்போது ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாகி, பின்புறத்தில் குறித்தபடி வி.எச்.எஃப். 3 அல்லது 4-லோ, யு.எச்.எஃப். 36-ஐ ஒட்டியோ தன் படத்தை அனுப்பும். டிவியை அந்த எண்ணுக்கு டியூன் செய்து ஒரு பட்டனில் நிறுத்திவைக்க வேண்டும். திரையில் குறுக்கே சாய்ந்த வலைக்கோடுகள் தோன்றினால், வேறொரு பெட்டியும் அதே எண்ணில் அனுப்புகிறதென்று அர்த்தம். டெக்கின் முதுகிலுள்ள சிறு திருகைச் சற்றுத் திருப்பி எண்ணை மாற்றிவிட்டால் கோடுகள் மறையும்.

புதிய டிவிகளின் கதை இதைவிட விநோதமானது. மூன்று துளைகளுக்குப் பதிலாக, ஹெட்போன் துளை போன்ற ஒற்றைத் துளையை வைத்துவிட்டு, அதற்கென்று ஒரு குட்டி வயரைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த வயர் வாங்கிய மறுநாளே காணாமற் போய்விடும். கடையில் வேறொன்றை வாங்கி மாட்டினால், முனையிலுள்ள வளையங்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், படம் வர வேண்டிய இடத்தில் ஒலியும் ஒலி வர வேண்டிய இடத்தில் இரைச்சலும் வரக்கூடும். மூன்று முனைகளையும் இடம் மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதில் பிழையில்லை, சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். இன்னும் சில டிவிகளில் மஞ்சள் துளையே இராது. பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று வரைந்திருப்பார்கள். டெக்கின் மஞ்சள் வயரை அந்தப் பச்சையில்தான் செருக வேண்டும். செருகியும் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவி அதைக் ‘காம்பொனென்ட்’ என்று எண்ணிக்கொண்டிருக்கிறது; சோர்ஸ் பட்டியலில் ‘ஏவி’ என்பதைத் தேர்ந்தால் கலியாணப் பெண்ணின் கூறைப்புடைவைக்கு நிறம் திரும்பும். நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுத்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துக் காட்டுவது டிவிகளின் வழக்கமாகையால், சபையில் உட்கார்ந்திருப்போர் அனைவரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துத் தெரிவார்கள். மெனுவில் 4:3 என்று மாற்றினால் அவரவர் பழைய உடல்வாகை அடைவார்கள்.

நீலத் திரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. டெக்குகளைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் அதுதான். கேசட்டிலுள்ள நாடா அரை அங்குல அகலம். அது நகரும் வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர். இந்த ஆமை வேகத்தில் படத்தைப் பதிய இயலாதாகையால், 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள டிரம் ஒன்றைச் சாய்வாக வைத்து, அதில் தலைகளைப் பதித்து, நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் சுழலவிட்டிருக்கிறார்கள். அதனால் தலை நாடாவை உரசும் வேகம் நொடிக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைவாக உயர்ந்து, ஒரு சுற்றுக்கு ஒரு படமாக நொடிக்கு 25 படங்கள் கிடைக்கின்றன. முப்பது வருஷத்து நாடா சற்று நீண்டோ சுருங்கியோ இருந்தால், ஒவ்வொரு வரியும் தனக்குரிய கணத்துக்குச் சிறிது முன்னோ பின்னோ வந்து சேரும். குழாய் வைத்த பழைய டிவி அந்தத் தள்ளாட்டத்தைத் தானும் சேர்ந்து ஆடிச் சமாளித்துவிடும். புதிய டிவியோ வரும் படத்தை எண்களாக மாற்றிக் கணக்குப் பார்க்கிற சுபாவமுடையது. கணக்கு உதைத்தால் படமே இல்லையென்று திரையை நீலமாக்கிவிடும். டெக்கில் ‘டிராக்கிங்’ பொத்தானை மெள்ள மெள்ள அழுத்திச் சரிசெய்யுங்கள். அதிலும் அடங்காவிட்டால், பழைய குழாய் டிவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்பே டெக்குக்கு முடிவுகட்டுங்கள். படத்தின் அடிவிளிம்பில் கிழிந்தாற்போல் ஆடும் ஒரு கீற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு மாறுமிடம் அது. பழைய டிவிகள் ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளிக் காட்டியதால் நமக்கு அது தெரியாதிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த கேசட்டுகளுக்கு வேறொரு சோதனை உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் 625 வரிகள் கொண்ட பால் முறை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 525 வரிகள் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை, சவூதி அரேபியாவில் அந்நாளில் சீக்காம் முறை. அமெரிக்காவில் நடந்த வளைகாப்புக் கேசட் நம் டெக்கில் படம் நிற்காமல் புரண்டுகொண்டே இருந்தாலும், சவூதியிலிருந்து வந்தது கறுப்பு வெள்ளையாக ஓடினாலும், எந்த வயரையும் பிடுங்க வேண்டியதில்லை. மல்டி சிஸ்டம் டெக் வைத்திருப்பவரைத் தேட வேண்டியதுதான்.

டிஷ்ஷிலிருந்து கேசட்டில் பதிவது இக்காலத்தில் யாருக்கு வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பென் டிரைவில் பதியும் பெட்டிகள் வந்துவிட்டன என்பது மெய்யே. ஆயினும் அவ்வாறு பதிந்ததை அந்தப் பெட்டியிலன்றி வேறெங்கும் போட்டுப் பார்க்க முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள் என்பதும் மெய்யே. வீட்டில் பார்ப்பதற்காக ஒளிபரப்பைப் பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பது நியாயமான உபயோகமே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ல், பீட்டாமேக்ஸ் வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு அந்நாட்டுக்கு உரியதாயினும், சந்தாக் கட்டியவன் பதிந்ததை எந்த அறையில் எந்த டெக்கில் பார்ப்பது என்பதைப் பெட்டிக்காரர் நிர்ணயிக்கும் இன்றைய வழக்கத்தை நான் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வதாயில்லை. மற்றபடி, படத்தின் தெளிவில் வி.எச்.எஸ். தோற்றுவிட்டது, அதில் வாதத்துக்கு இடமில்லை.

டெக்கை இணைக்கும் பிரயாசையெல்லாம் கேசட்டுகளுக்காகவே. வி.எச்.எஸ். டெக்குகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டபடியால், இப்போதுள்ளவை பழுதானால் இன்னொரு பழைய டெக்கின் உறுப்பைப் பிடுங்கித்தான் பொருத்தியாக வேண்டும். ஆகவே கேசட்டைச் செருகுமுன் அதன் கண்ணாடி ஜன்னல் வழியே நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரத்தில் வெண்பூஞ்சை படிந்திருந்தால், அதை ஓட்டக் கூடாது. ஓட்டினால் பூஞ்சை தலைகளில் ஒட்டி, அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் தொற்றும். அத்தகையவற்றை, இதையே தொழிலாகச் செய்யும் ஸ்டுடியோக்காரரிடம் ஒப்படையுங்கள். சுத்தமாயிருப்பவற்றை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிக்கொண்டால் ஒட்டிக்கிடந்த சுருள் தளரும். பிரதி எடுப்பதற்குக் கணினியில் செருகும் சிறு யு.எஸ்.பி. கருவி போதும், டெக்கின் ஏவி அவுட்டிலிருந்து அதற்கு வயர் இடுங்கள், அதன் மென்பொருள் என்.டி.எஸ்.சி.யில் நின்றால் பாலுக்கு மாற்றி, 720-க்கு 576, நொடிக்கு 25 படம் என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்துக்குக் கலியாணக் கேசட்டை எடுக்க வேண்டாம். நாடா சிக்கி அறுந்தாலும் வருந்தத் தேவையில்லாத சினிமாக் கேசட் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டி, டெக் நாடாவைக் கடிக்காமல் இழுக்கிறதா, வெளியே தள்ளும்போது சுருளைச் சரியாகச் சுற்றிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகு, கணினியில் பதிவைத் தொடங்கிவிட்டு, கலியாணத்தைப் போடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும் அன்பன்